திறமையா, தற்செயலா? – போக்கர் வழக்குகள் கற்பிக்கும் பாடம்

“போக்கர் சூதாட்டம் அன்று, திறமை விளையாட்டே என்று நீதிமன்றம் கூறிவிட்டது” என இளைஞர் சிலர் வாதிடுவதைக் கேட்கிறோம். இக்கூற்றில் ஒரு பாதி மெய். ஆனால் அதனினின்று, “ஆகவே பணம் வைத்து ஆடினால் கேடில்லை” என்னும் முடிவுக்கு வருவது பிழை. மெய்யையும் பிழையையும் பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஆட்டத்தின் இயல்பு

போக்கர் 52 சீட்டுகளைக் கொண்டு ஆடப்படுவது. பெருவழக்காக உள்ள முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். ஐந்து சீட்டுகள் அனைவருக்கும் பொதுவாக மேசைமீது படிப்படியாகத் திறக்கப்படும். ஒவ்வொரு படியிலும் பணயத்தை உயர்த்தலாம்; அல்லது விலகிக்கொள்ளலாம்.

கைக்கு வரும் இரண்டு சீட்டுகள் 1,326 வகையாக அமையக்கூடும். இரண்டுமே ஏஸாக அமைவன அவற்றுள் 6 மட்டுமே. அஃதாவது 221 முறைக்கு ஒரு முறை. எந்தச் சீட்டு வரும் என்பது தற்செயல். வந்த சீட்டைக் கொண்டு கணக்கிடுவதும், எதிராளியின் உள்ளத்தை ஊகிப்பதும், தக்க நேரத்தில் விலகுவதும் திறமை. இரண்டும் கலந்திருப்பதாலேயே வழக்குகள் எழுந்தன.

வழக்குகள் வந்த வழி

பரிசுப் போட்டிகள் பற்றிய வழக்குகளில் 1957 இல் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோலை வகுத்தது. சூது என்பது அரசியலமைப்பு காக்கும் வணிகம் அன்று; ஆனால் வெற்றி பெருமளவு திறமையைச் சார்ந்திருப்பின் அது சூதும் அன்று என்பதே அது. பின்னர், செகந்திராபாத் மன்றம் ஒன்றில் ஆடப்பட்ட ரம்மி பற்றிய வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரிவதும் திறமையே என்று அந்நீதிமன்றம் கூறியது. 1968 ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் அது இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தை நடத்துவோர் அதனால் ஆதாயம் அடைந்தால் குற்றமாகலாம் என்றும் அத்தீர்ப்பு எச்சரித்தது. இப்பகுதியைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

போக்கரைப் பொறுத்தவரை நீதிமன்றங்கள் ஒருமித்துக் கூறவில்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2017 இல் அதனைச் சூதென்றது. சென்னை உயர் நீதிமன்றமோ, ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்களாகக் கொண்டு, பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடுத்த தமிழ்நாட்டுச் சட்டத்தை 2021 ஆகஸ்டு 3 அன்று செல்லாதெனத் தள்ளியது.

பொருளிழந்தோர் பலர் உயிரையும் மாய்த்துக்கொண்டதை எடுத்துக்காட்டி, தமிழக அரசு மீண்டும் முயன்றது. ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் 2022 இல் குழு அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. பட்டியலில் அவ்விரண்டையும் சேர்த்ததை மட்டும் நீக்கியது. வயது, நேரம் முதலியவற்றை வரையறுக்கும் உரிமை அரசுக்கு உண்டென்றது. அவ்வாறே, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்பது முதலான விதிகள் 2025 இல் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூன் 3 அன்று நீதிமன்றம் அவற்றை ஏற்றது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் வேறொரு வழியில் சென்றது. திறமையோ தற்செயலோ, பணம் கட்டி ஆடும் இணையவழி ஆட்டம் எதனையும் நடத்தலாகாது என்று சட்டம் இயற்றியது. நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் அதில் உண்டு. ஆடுவோர்க்குத் தண்டனை இல்லை. அதனை எதிர்த்தும் வழக்குகள் தொடுக்கப்பட்டு, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

ஒரு கணக்கு

திறமை என்பது மெய்யென்றே கொள்வோம். பத்துப் பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் அமர்கின்றனர், மொத்தம் 10,000. ஒவ்வோர் ஆட்டத்திலும் சேரும் பணயத்தில் 50 ரூபாயை நடத்துபவர் எடுத்துக்கொள்கிறார் என்க. 20 ஆட்டம் முடிந்தால் மேசையில் எஞ்சுவது 9,000. எவர் வென்றாலும் தோற்றாலும் நடத்துபவர்க்கு இழப்பில்லை. எஞ்சியதும் திறமை குறைந்தவரிடமிருந்து மிக்கவரிடம் செல்லும்.

ஆகவே “திறமை ஆட்டம்” என்னும் தீர்ப்பு, புதிதாக ஆடுவோர்க்கு ஆறுதல் தருவதன்று, எச்சரிக்கையே ஆகும். தற்செயலாயின் என்றேனும் நமக்கும் வாய்க்கலாம். திறமையாயின் பழகியவர் முன் பழகாதவர் தோற்பது உறுதி. தோற்றவரோ, “இன்னும் சற்றுத் தேர்ந்தால் மீட்டுவிடலாம்” என்றெண்ணி மேலும் கடன்படுவர். தன் அறிவின்மீது உள்ள நம்பிக்கையே அங்குத் தூண்டில் ஆகிறது.

இல்லம் கேட்க வேண்டிய வினா

நீதிமன்றம் கேட்பது, “இது குற்றமா?” என்பது. தண்டிக்கும் ஆற்றல் உடைய அரசு எல்லை கடவாதிருக்க அவ்வினா தேவையே. இல்லறத்தார் கேட்க வேண்டியதோ, “இஃது என்ன விளைக்கும்?” என்பது. நம் முன்னோர் ஏழு வியசனங்களுள் சூதினை முதலில் வைத்தனர். பிறர் இழப்பால் வரும் பொருள்மீது ஆசை எழுவதையும், அவ்வாசை உழைப்பையும் வாய்மையையும் குலைப்பதையும் அவர்கள் கண்டிருந்தனர். சட்டம் விலக்காத யாவும் செய்யத்தக்கன ஆகா. இதனைப் பிள்ளைகளுக்குச் சினமின்றி, கணக்குடன் எடுத்துரைப்பது பெற்றோர் கடமை. பொருளிழந்த பிள்ளை அஞ்சி மறைக்காமல் வந்து சொல்லும்படி வீட்டில் இடம் இருத்தலும் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. 1957 இல் வகுக்கப்பட்ட அளவுகோல் யாது?
2. 2023 ஆம் ஆண்டுத் தீர்ப்பு எதனை ஏற்றது? எதனை நீக்கியது?
3. மேற்கண்ட கணக்கில் 40 ஆட்டம் நடந்தால் மேசையில் எஞ்சுவது எவ்வளவு?
4. குற்றமன்று என்பதற்கும் நன்று என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டு எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்குக.