அரியர் பேப்பரும் அரை அங்குல அம்பாசிடரும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது, கவிதை எனக்கு வராது என்று சொல்லிவிட்டேன். எப்படியும் இந்த மலரில் நிலாவும் ரோஜாவும் பத்துப் பக்கத்துக்குக் குறையாமல் இருக்கும். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான். ஒரு காரை 24-ல் ஒரு பங்காகச் சுருக்கி, உள்ளங்கையில் நிற்கிற மாதிரி கட்டுவது. அதையே எழுதுகிறேன். பொழுதுபோக்குக் கட்டுரை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இன்ஜினியரிங் கிராபிக்ஸில் அரியர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படிக்கவும்!

முதலாமாண்டில் அந்தப் பேப்பரில் நான் வாங்கியது 19. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அப்பா கரூரில் ஒரு கார் பட்டறையில் டிங்கர். அரியர் என்றால் என்ன என்று வீட்டில் விளக்குவதற்கே இரண்டு நாள் ஆயிற்று. டிராயிங் ஷீட்டை அப்பாவிடம் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு நேராகத் திருப்பிப் பார்த்தார். "இதுல சாமான் எங்கே கண்ணு இருக்குது?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதில் சாமான் தெரியவில்லை. வெறும் கோடுதான் தெரிந்தது. படிப்பை விட்டுவிட்டுப் பட்டறைக்கே போய்விடலாம் என்ற எண்ணம் வந்தது அப்போதுதான். அம்மாவிடம் சொல்லியும் விட்டேன்.

அந்த விடுமுறையில் பட்டறையில் ஒரு பழைய அம்பாசிடர் வேலைக்கு வந்து நின்றது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து, 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான கார் அது. அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான், இதைச் சின்னதாகச் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

முதலில் ஸ்கேல் பற்றி. 1/24 என்றால் நிஜக் காரின் 24 மி.மீ. மாதிரியில் 1 மி.மீ. அடிக்கணக்கில் பழகியவர்களுக்கு இன்னும் சுலபம். 12 அங்குலத்தை 24-ஆல் வகுத்தால் அரை அங்குலம். அதாவது ஓர் அடிக்கு அரை அங்குலம். கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் 1/43 கார்கள், ஓர் அடிக்கு 7 மி.மீ. என்ற ரயில் மாதிரிக் கணக்கிலிருந்து வந்தவை. சின்னப் பிள்ளைகள் விளையாடும் உள்ளங்கைக் கார்கள் ஏறக்குறைய 1/64. அம்பாசிடரின் நீளம் 4325 மி.மீ., அகலம் 1662, உயரம் 1593, முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 2464. வகுத்தால் 180.2, 69.3, 66.4, 102.7. இந்த நாலு எண்களை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

நீளம் 24-ல் ஒரு பங்கு ஆனால் எடையும் 24-ல் ஒரு பங்கா? இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். நீளம், அகலம், உயரம் மூன்றுமே சுருங்குவதால் 24 × 24 × 24 = 13,824-ல் ஒரு பங்கு. ஏறக்குறைய 1,100 கிலோ எடையுள்ள கார் அதே இரும்பில், அதே நுணுக்கத்தில் சுருங்கினால் சுமார் 80 கிராம்தான் இருக்க வேண்டும்! என்னுடையதை மளிகைக்கடைத் தராசில் வைத்தபோது 210 கிராம் காட்டியது. காரணம் தகட்டின் கனம். காரின் வெளித்தகடு சுமார் 1 மி.மீ. அதை 24-ஆல் வகுத்தால் 0.04 மி.மீ. நாம் எழுதுகிற தாளே 0.1 மி.மீ. இருக்கும். நான் வைத்திருந்ததோ 2 மி.மீ. சன் போர்டு. நிஜக் காருக்கு 48 மி.மீ. கனத்தில் கதவு போட்ட மாதிரி! எனவே மாதிரி செய்பவர்கள் வெளியே தெரிகிற விளிம்புகளை மட்டும், உதாரணமாகச் சக்கர வளைவு, ஜன்னல் ஓரம், உள்பக்கமாகச் சீவி மெல்லியதாக்கி விடுவார்கள். பார்க்கிற கண்ணுக்கு முழுத்தகடும் மெல்லியதாகத் தெரியும்.

இனி அளவெடுப்பு. மொத்த நீளம், அகலம் தெரிந்தால் பெட்டிதான் செய்ய முடியும். அம்பாசிடரில் ஒரு நேர்க்கோடு கூடக் கிடையாது. கொத்தனார் வேலை செய்யும் சித்தப்பாவிடம் தூக்குக்குண்டு வாங்கி வந்தேன். காரின் பக்கத்தில், நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நூலைத் தொங்கவிட்டு, தரையிலிருந்து ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்திலும் நூலுக்கும் உடம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். ஓர் அடி நகர்த்தி மறுபடியும் அதே மாதிரி. தங்கச்சி நோட்டில் எழுதினாள். முன்னால் இருந்து பின்னால் வரை 15 இடம். "வலது பக்கத்தை அள. இடது பக்கம் ஒருக்கா அடி வாங்குன வண்டி" என்று அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். கார் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே! ஒரு பாதியை அளந்தால் மறுபாதி கண்ணாடியில் தெரிகிற பிம்பம்.

அந்த 15 எண் வரிசைகளையும் 24-ஆல் வகுத்து வரைபடத் தாளில் புள்ளி வைத்து இணைத்தபோது, என் கை ஒரு நிமிடம் நின்றுவிட்டது. நான் வரைந்திருந்தது வெட்டுத் தோற்றம்! பரீட்சையில் "செக்ஷன் ஏ-ஏ" என்று கேட்டு, நான் காலியாக விட்டு வந்த அதே சமாச்சாரம்தான். காரை ரொட்டி மாதிரி அடிக்கொரு துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டின் முகமும் எப்படி இருக்குமோ, அதுதான் அந்த 15 படமும். அவற்றை அட்டையில் வெட்டி, அரை அங்குல இடைவெளியில் வரிசையாக நிறுத்தினால் மீன் எலும்பு போல வண்டி எழுந்து நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பாடத்தில் உள்ள ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில் மேல் தோற்றம் கீழே வரும். இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கம் வரும். ஏன் இப்படித் தலைகீழ் என்று ஒரு வருடம் குழம்பினேன். கையில் காரை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். மேஜையில் தாளை விரித்து, காரின் பக்கவாட்டு மேலே பார்க்கும்படி படுக்க வையுங்கள். கூரை உங்களுக்கு எதிர்ப்புறம், சக்கரம் உங்கள் பக்கம், பானெட் இடது கைப்பக்கம். இதுதான் முகப்புத் தோற்றம். இப்போது காரை உங்களை நோக்கி ஒரு புரட்டு புரட்டுங்கள். கூரை மேலே வரும். அது வந்து நிற்கிற இடமோ தாளின் கீழ்ப்பகுதி! மறுபடி பழைய இடத்தில் வைத்து வலப்பக்கமாகப் புரட்டுங்கள். இடது பக்கம் இருந்த பானெட்டும் ஹெட்லைட்டும் மேலே வரும், ஆனால் வலது பக்கத்தில். அவ்வளவுதான் சங்கதி. இதை நானாகக் கண்டுபிடித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுமுறை எழுதியபோது 61 வாங்கினேன்.

கட்டிய கதைக்கு வருகிறேன். முதல் கார் படுதோல்வி. காலண்டர் அட்டையில் எலும்பு வெட்டி, இடையில் தெர்மோகோல் அடைத்து, மேலே மெல்லிசாகப் பட்டி தேய்த்து எமரித்தாள் போட்டு வழவழப்பாக்கினேன். பார்க்க அசல் அம்பாசிடர். அப்பாவுக்கே ஆசை வந்துவிட்டது. "குடு, பிரைமர் நான் அடிக்கிறேன்" என்று ஸ்பிரே கன்னை எடுத்தார். அடித்து ஐந்து நிமிடம் இருக்கும், கூரை மெதுவாக உள்ளே இறங்கியது. பானெட் சப்பையானது. பெயின்ட்டில் கலந்த தின்னர், பட்டியின் ஊசித்துளை வழியே இறங்கித் தெர்மோகோலைக் கரைத்துவிட்டது! தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரின். தின்னரில் சர்க்கரை மாதிரி கரையும். அப்பா கன்னைக் கீழே வைத்துவிட்டு, "இரும்பு மேலேயே அடிச்சுப் பழகிட்டேன் கண்ணு" என்றார். இருபத்தேழு வருடமாகக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர் அவர். அன்று இரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எனக்குக் கார் போனதை விட அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது முறை எலும்பு முழுக்கச் சன் போர்டு. இடைவெளியை அடைக்கவும் அதே சன் போர்டுத் துண்டுகள். வளைவான இடங்களுக்குக் கீற்றாக வெட்டி வெந்நீரில் முக்கி, இளகியதும் வளைத்து ஒட்டினேன். பிறகு பட்டி, காயவைத்து எமரி, மறுபடி பட்டி. எனக்குத் திருப்தி வந்ததும் அப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு கட்டை விரலால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தடவினார். "இடது பின்கதவுகிட்ட வயிறு தள்ளியிருக்குது" என்றார். "இல்லீங்கப்பா, சரியாத்தான் இருக்குதுங்க" என்றேன். வெர்னியர் வைத்துப் பார்த்தால் 0.8 மி.மீ. அதிகம்! நிஜக் காரில் அது 19 மி.மீ. டிங்கர்கள் நெளிவைக் கண்ணால் பார்ப்பதில்லை, தடவித்தான் பார்ப்பார்கள். எத்தனை தரம் பார்த்திருக்கிறேன், ஆனால் அதுவும் ஓர் அளவுகோல் என்று எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

இந்தமுறை பிரைமரை ஒரேயடியாக அடிக்கவில்லை. பனி விழுகிற மாதிரி மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. பெயின்ட்டும் மெலிசாகத்தான் இருக்க வேண்டும். கதவிடுக்கு நிஜத்தில் 5 மி.மீ. என்றால் மாதிரியில் 0.2 மி.மீ. இரண்டு கோட் தடியாக அடித்தால் கதவே காணாமல் போய்விடும். உடைந்த ஹேக்ஸா பிளேடைக் கொக்கி மாதிரி தீட்டி அந்தக் கோடுகளைக் கீறினேன். சக்கரத்துக்குப் பழைய ரப்பர் செருப்பு. சிறுவயதில் நாம் எல்லோரும் செய்த அதே வித்தைதான், இம்முறை காம்பஸ் வைத்து. ஜன்னலுக்குச் சட்டைப் பெட்டியின் மேல்மூடிப் பிளாஸ்டிக். ஓர் எச்சரிக்கை: உடனே ஒட்டுகிற குயிக் பசையைக் கண்ணாடிப் பக்கம் கொண்டு போகாதீர்கள். அதன் ஆவி படிந்து வெள்ளை பூத்துவிடும். என் முன்கண்ணாடி ஒன்று அப்படித்தான் போயிற்று. சாதாரண வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெளிந்துவிடும்.

இதெல்லாம் பிள்ளை விளையாட்டு என்று ஹாஸ்டலில் சிலர் சிரித்தார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் பாடி கட்டும் பிரிவாக இருந்தது ஃபிஷர் பாடி. பாடி கட்டுவது என்றால் கரூர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம்! அவர்கள் 1930 முதல் 1968 வரை பையன்களுக்கு ஒரு போட்டி நடத்தினார்கள். ஆரம்பத்தில் ஒரு சாரட் வண்டியின் மாதிரி. 1937 முதல் சொந்தக் கற்பனையில் 1/12 அளவில் கார். வென்றவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித்தொகை. (பையன்களுக்கு மட்டும்தான். நம் வகுப்புத் தோழியர் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம், விதி போட்டது நானில்லை.) 1947-ல் அதில் பரிசு பெற்ற சக் ஜோர்டன் என்பவர், பிற்காலத்தில் அதே ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து டாமியா கம்பெனி இன்னும் ஒரு படி மேல். போர்ஷே காரின் மாதிரி சரியாக வரவேண்டும் என்று ஒரு நிஜ போர்ஷே 911-ஐயே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். 1976-ல் அந்த 1/12 மாதிரி வெளிவந்தது.

மாதிரியை அச்சாக அப்படியேதான் செய்ய வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் ஏ.எம்.டி. கம்பெனி 1958-லேயே ஒரு பெட்டியில் மூன்று விதமாகக் கட்டும் கார்களை விற்றது. கம்பெனி காராகக் கட்டலாம், பந்தயக் காராகக் கட்டலாம், நம் இஷ்டப்படி மாற்றியும் கட்டலாம். கூரையை இறக்குவார்கள், பம்பரைக் கழற்றுவார்கள். நான் கூரையில் கை வைக்கவில்லை. நிறம் என்ன அடிக்கலாம் என்று அப்பாவிடம் கேட்டேன். வெள்ளை என்பார் என்று நினைத்தேன். பட்டறைக்கு வந்த அம்பாசிடருக்கெல்லாம் வெள்ளைதான் அடித்திருக்கிறார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மயில் பச்சை அடிப்பமா? கூரை மட்டும் சந்தன நிறம்" என்றார். இதற்கு முன்னால் எந்தக் கஸ்டமரும் அவரை அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் போல. நிறம் கலக்கவே அரை நாள் எடுத்துக்கொண்டார். சின்ன வண்டியில் நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் வெள்ளை சேர்க்கச் சொன்னேன். யோசித்துவிட்டுச் சேர்த்தார்.

கார் இப்போது எங்கள் வீட்டு டி.வி. பக்கத்தில் நிற்கிறது. அதன் கீழே, அந்தக் காரின் மூன்று தோற்றங்களையும் நான் வரைந்த ஷீட்டை அப்பாவே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். விருந்தாளி வந்தால், "இது மேலேயிருந்து பார்க்கிறது, இது மூக்குப் பக்கம்" என்று தொட்டுக் காட்டுகிறார். புள்ளிக்கோட்டை மட்டும், "அது உள்ளுக்குள்ள மறைஞ்சிருக்கிறது, பையனைக் கேளுங்க" என்று விட்டுவிடுவார்.

ஒரே ஒரு குறை. அம்பாசிடரின் ஹெட்லைட் 7 அங்குலம். மாதிரிக்கு 7.4 மி.மீ. அம்மாவின் பழைய வளையல் கல், தங்கச்சியின் ஸ்டிக்கர் பொட்டு எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூட உட்காரவில்லை. 7.4 மி.மீ. விட்டத்தில் உருண்டையான கண்ணாடிக் கல் ஒரே மாதிரி இரண்டு யாரிடமாவது இருந்தால் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் வகுப்பில், கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சில் கொடுக்கவும். ஒன்று மட்டும் இருந்தாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறேன்.