உபகாரச் சம்பளமும் ஊர்க் குளமும்

சென்ற மார்கழித் திங்களில் ஒரு ஞாயிறு விடியற்காலை, பறவைகளை எண்ணிக் குறிக்கும் பொருட்டு நம் கல்லூரி மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு சிங்காநல்லூர்க் குளத்திற்குச் சென்றிருந்தோம். பனி விலகுமுன் கரையை அடைந்துவிட்டோம். நாமக்கோழியும் முக்குளிப்பானும் நீரில் திரிவதை எல்லோரும் கண்டனர். ஆயின் கோரைப் புதருக்குள்ளிருந்து எழுந்த குரல் எப்பறவையின் குரல் என்று சொல்ல எவராலும் இயலவில்லை. சொல்ல வல்ல மாணவன் ஒருவன் நம்மிடை உளன். அவன் அன்று வரவில்லை. ஞாயிறுதோறும் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்து, அக்கூலியைக் கொண்டு கல்லூரிச் செலவை நடத்துகின்றவன் அவன். இதனை அறியாது மறுநாள் யாம் அவனைக் கடிந்துகொண்டோம். “ஐயா, கொக்கை எண்ணினால் கூலி யார் கொடுப்பார்?” என்று அவன் பணிவாகவே வினவினான். பணிவாகக் கேட்டதனாலேயே அவ்வினா எம்மை மிகவும் தைத்தது. அன்று விடை கூறாது நின்றோம். இக்கட்டுரை, காலந்தாழ்த்து யாம் அவனுக்குத் தரும் விடை.

கொடுப்பார் இக்காலத்தில் உளர் என்பது விடையின் முதற் பகுதி. தமிழ்நாட்டரசின் சுற்றுச்சூழல் துறை அண்ணா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ‘முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம்’ ஒன்றை ஏற்படுத்தி, 2023-ஆம் ஆண்டில் பட்டதாரிகளிடமிருந்து விண்ணப்பம் கோரிற்று. மாவட்டத்திற்கு ஒருவராகத் தேர்ந்து, மாதந்தோறும் ஊதியமளித்து, மரவளர்ப்பு, ஈரநிலப் பாதுகாப்பு, காலநிலை மாற்றம் ஆகிய பணிகளில் மாவட்ட ஆட்சியருக்குத் துணையாக அமர்த்துவது அதன் ஏற்பாடு. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து நூலெழுதுவோர்க்குப் பொருளுதவி செய்வது பழைய வழக்கம். குளத்தங்கரையிலும் ஊர்ச்சாவடியிலும் நின்று ஜனங்களோடு பேசுவோர்க்கு ஊதியமளிப்பது புதிய வழக்கம் போலத் தோன்றும்.

புதிதென்பது தோற்றமே. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிச் சுமார் 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலாற்றைக் காண்க. மழைமறைவுப் பிரதேசமாகிய கொங்குநாடு அவ்வாற்று நீரைச் சித்திரைச்சாவடி முதலாய அணைக்கட்டுக்களால் மறித்து, வாய்க்கால்களின் வழியே ஒரு குளத்திலிருந்து மறு குளத்திற்குச் செலுத்தி வாழ்ந்தது. தமிழ்நாட்டில் இத்தகைய குளங்களில் மதகைத் திறக்கவும் அடைக்கவும், எவர் வயலுக்கு எத்துணை நாழிகை நீர் என்று முறைவைக்கவும் ஒருவன் இருந்தான். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையன் என்று இடத்திற்கேற்ப அவனுக்குப் பெயர்கள் பல. (கடைசிப் பெயர் இன்று வசைச்சொல்லாகிவிட்டது, மதகைக் காத்தவனுக்கு நாம் காட்டிய நன்றி அதுபோலும்.) அறுவடைக் காலத்தில் ஆயக்கட்டு உழவர் ஒவ்வொருவரும் களத்திலேயே அவனுக்குத் தானியம் அளந்தனர். அவன் செய்தது தொண்டு என்று எவரும் கூறவில்லை; வேலை என்றே கூறினர்.

இதற்கு மறுதலையாக நின்றது குடிமராமத்து. கரையடைப்பதும் வாய்க்கால் தூர்வாருவதும் ஊரார் கூலியின்றிச் செய்யவேண்டிய கடமை. அக்கடமை தளர்ந்தபோது, அதனைக் கட்டாயமாக்க 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கென ஒரு சட்டமே இயற்றினர். கூலியின்றி வேலை வாங்கச் சட்டம் வேண்டியிருந்தது. தானியம் அளந்த இடத்தில் வழக்கமே போதியதாயிற்று. இவ்வேறுபாட்டை மாணவர் ஊன்றி நோக்குக.

ஆதலின் ‘உபகாரச் சம்பளம்’ என்னும் நம் பழைய சொல்லாட்சியே எமக்கு உவப்பன்று. படிப்போனுக்குத் தருவது உபகாரமாகலாம். ஊருக்குப் பணி செய்வோனுக்குத் தருவது சம்பளம் மட்டுமே. அதை உபகாரம் என்றால், வாங்குவோன் கைகட்டி நிற்பான். கொடுப்போர் குறைக்கவும் நிறுத்தவும் துணிவர். ஊதியமே இல்லையென்றால், வீட்டில் பசியில்லாத பிள்ளைகளே பறவை எண்ண வருவர். பட்டறைக்குச் செல்லும் பிள்ளை வரமாட்டான். அவனோடு அவன் செவியறிவும் வராது போம்.

அமெரிக்க நாடு இதனை ஒருகாலத்தில் நன்குணர்ந்தது. பெரும் வேலையின்மை நிலவிய 1933-இல் ரூஸ்வெல்ட் அரசாங்கம் இளைஞரைத் திரட்டி, மரம் நடவும், மண்ணரிப்பைத் தடுக்கவும், காட்டுத்தீயை அணைக்கவும் அனுப்பிற்று. 1942 வரை ஏறக்குறைய 30 இலட்சம் பேர் அப்படையில் இருந்தனர். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே அவரவர் வீட்டிற்குச் சென்றது. அவர்கள் நட்ட மரங்களினும் அந்த 25 டாலரே எம் கருத்தைக் கவர்கின்றது. மகன் காட்டில் இருக்கத் தாய் வீட்டில் அடுப்பெரித்தாள்.

இனி, இத்தகைய பணியாளன் செய்வதுதான் யாது? நம் மாவட்டத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு வால்பாறையில் உளது. ஆனைமலையின் மேல், தேயிலைத் தோட்டங்களுக்கிடையே சிறுசிறு சோலைகள் திட்டுத்திட்டாய் எஞ்சியுள்ள பீடபூமி அது. யானைகள் ஒரு சோலையினின்று மற்றொன்றுக்குச் செல்லத் தோட்டங்களின் ஊடே நடந்தாகவேண்டும். மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி இருளில் வீடு திரும்பும் தொழிலாளி, அருகில் யானை நிற்பதை அறியாமல் எதிர்ப்பட்டு உயிரிழந்த நிகழ்ச்சிகள் பல. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் என்னும் அமைப்பைச் சார்ந்த ஆய்வாளர், யானையின் வழியை மட்டும் ஆராய்ந்து நின்றுவிடவில்லை. மனிதன் எந்த வேளையில், எந்த அறியாமையால் இறக்கின்றான் என்பதையும் ஆராய்ந்தனர். யானையை விரட்டுவதினும், அது நிற்குமிடத்தை மனிதனுக்குச் சொல்லிவிடுதலே பயனுடைத்தென்று கண்டனர். முதலில் உள்ளூர்த் தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் எழுத்துக்களால் அறிவித்தனர். 2011 முதல் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினர். பலரும் கடந்து செல்லும் இடங்களில், யானை அருகிலிருந்தால் எரியும் சிவப்பு விளக்குக்களையும் நாட்டினர். விளக்கைக் கைப்பேசி வழியே தொலைவிலிருந்து ஏற்றலாம். ஊராரிற் சிலரே அதனை ஏற்றும் பொறுப்பைக் கொண்டனர். இவ்வேற்பாட்டின் தலைவராகிய ஆனந்தகுமார் 2015-இல் விட்லி விருது பெற்றார்.

அங்குப் புதுத்தோட்டம் என்னுமிடத்தில் சோலைமந்திகள் பெருவழியைக் கடக்கும்போது வண்டிகளை நிறுத்திக் காக்கும் காவலர் சிலர் உளர். உள்ளூர் மக்களாகிய அவர்கள் அவ்வேலைக்கு ஊதியம் பெறுகின்றனர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற புத்தாய்வாளனுக்கும் மந்தி கடக்கக் கைகாட்டும் காவலனுக்கும் தொழில் ஒன்றே என்பது எம் கருத்து. ஊதியமும் பணிப்பாதுகாப்பும் மட்டும் ஒன்றாயில்லை.

குளத்துப் பணியோ வேறு வகையது. திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் நல்லாற்று நீரைப் பெறுவது. பரப்பு ஏறக்குறைய 125 ஹெக்டேர். 2022-இல் அது தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவமுடைய ‘ராம்சர்’ ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று. இமயங் கடந்துவரும் பட்டைத்தலை வாத்தையும் அங்குக் காணலாம். ஆனால் சரணாலயம் என்று பலகை நாட்டியவுடன், கரையில் மாடு மேய்ப்போனும் மீன் பிடிப்போனும் “இனி எம் கதி என்ன?” என்று கேட்பான். அவனுக்கு விடை கூறவும், அவன் கூறுவதை ஆட்சியர் அலுவலகத்தில் எடுத்துரைக்கவும் ஒருவர் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் படங்காட்டுதல் இப்பணியின் எளிய பாதி. கடிய பாதி இதுவே.

குறைகளையும் மறைத்தல் கூடாது. இத்தகைய நியமனங்கள் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளே. ஒரு குளம் நிறைவதும் வற்றுவதும் அறிய இரண்டு பருவம் போதாது. நல்ல மழையாண்டில் வந்தவன் வறட்சியைக் காணாமலே சென்றுவிடுவான். உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (919, 921) கூறும் ஏரி வாரியத்தார்க்கும் பதவி ஓராண்டே எனலாம். ஆயின் அவர் அவ்வூரார். பதவி நீங்கினும் ஏரிக்கரையை நீங்கார். ஆனைமலையில் தேக்குக்காட்டை மீட்ட ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரி 1933-இல் இறந்தபின் மவுண்ட் ஸ்டூவர்ட்டில் அத்தேக்குக்களினிடையே அடக்கமாயினார். தேக்கு மட்டுமே காடாகாது என்று இன்று நாம் அறிவோம். எனினும் ஓரிடத்தில் வேரூன்றியவனே அவ்விடத்தை மாற்றினான் என்பது மெய்.

மற்றொரு குறை நுட்பமானது. 1992-இல் கட்டிமுடிந்த ஒரத்துப்பாளையம் அணை, உழவர்க்கு நீர் தேக்குவதற்கு மாறாகத் திருப்பூர்ச் சாயக்கழிவைத் தேக்கலாயிற்று. நீதிமன்றம் சென்று போராடியவர் நொய்யல் ஆயக்கட்டு உழவர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அந்நாளில் அரசின் சம்பளம் வாங்கும் புத்தாய்வாளன் ஒருவன் அக்கரையில் இருந்திருப்பின், கண்டதைக் கண்டவாறு எழுதியிருப்பானா? எழுதியிருந்தால் அவன் வேலை நிலைத்திருக்குமா? விண்ணப்பிக்கும் மாணவர் இவ்வினாவை உடன்கொண்டே செல்லுக. சம்பளமும் உண்மையும் ஒரு கையில் அடங்கும் வண்ணம் விதிகளை வகுப்பது கொடுப்போர் கடன்.

இக்கட்டுரையை அச்சிற்கு அனுப்புமுன் பட்டறை மாணவனுக்குப் படித்துக் காட்டினோம். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. கோரைப் புதருக்குள் கேட்ட குரலை யாம் ஒருவாறு நடித்துக் காட்ட, “நீலத்தாழைக்கோழி, ஐயா” என்றான். வரும் மார்கழி முதல், குளத்தில் கணக்கெடுக்க வரும் மாணவர் நால்வர்க்கேனும் ஒருநாட் கூலிக்கு ஈடான தொகை தருதல் வேண்டுமென்று கல்லூரி நிர்வாகத்திற்கு எழுதியுள்ளோம். முடிவு இன்னும் வரவில்லை. வருமளவும் அச்செலவை ஏற்க விரும்பும் பழைய மாணவர் எமக்கு ஒருவரி எழுதுக. ஓராண்டிற்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், அவ்வளவே.