மாபிள் பதிப்பதற்கு முன் நூல் பிடிப்போம்

மன்னார் - பூநகரி வீதியால் பாப்பாமோட்டைப் பக்கம் வருபவர்களுக்குத் தெரியும், இங்குள்ள வீடுகள் ஒரே மூச்சில் எழுந்தவை அல்ல. 2008இல் போர் மாந்தை மேற்கைக் கடந்தபோது கதவு நிலையையும் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு இடம்பெயர்ந்தவர்கள் உண்டு. 2009க்குப் பின் திரும்பிவந்து தறப்பாளின் கீழ் இருந்துதான் அத்திவாரம் வெட்டினோம். 2012இல் இந்திய வீட்டுத்திட்டம் வடக்கில் விரிவடைந்தபோது ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா தவணை தவணையாகக் கிடைத்தது. சுவரும் கூரையும் அந்தக் காசை விழுங்கிவிட, பல வீடுகளில் தரை வெறும் சீமெந்துப் பூச்சோடு நின்றது.

இப்போது அந்தத் தரைகளுக்கு மாபிள் பதிக்கும் காலம். தரையோடு என்பதுதான் சரியான சொல். ஆனால் எங்கள் ஊரில் மாபிள் என்றால்தான் விளங்கும். கடையில் நிறத்தையும் பூவையும் தெரிவு செய்ய அரை நாள் செலவிடுகிறோம். எந்த வரிசையில் பதிப்பது என்பதை மட்டும் மேசனிடம் விட்டுவிடுகிறோம். எத்தனை ஓடு வாங்க வேண்டும், எத்தனை ஓடு துண்டாகிக் குப்பைக்குப் போகும் என்பதெல்லாம் அந்த வரிசையில்தான் தங்கியிருக்கிறது. கடன் எடுத்துப் பதிப்பவர்களுக்கு இது சிறிய விடயமல்ல. வடக்கில் நுண்கடன் எந்த அளவுக்கு ஏறியதென்றால், 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது.

ஒரு அறையை வைத்துக் கணக்குப் பார்ப்போம். அகலம் 10 அடி. வாசலிலிருந்து பின்சுவர் வரை 9 அடி 4 அங்குலம். ஓடு ஓரடிச் சதுரம். (ஓரடி என்று விற்கும் ஓடு உண்மையில் 300 மில்லிமீற்றர், ஓரடிக்குச் சற்றுக் குறைவு. இடையில் விடும் நீக்கலோடு சேர்ந்துதான் ஓரடி ஆகும்.) வாசலில் முழு ஓட்டோடு தொடங்கி நேர்வரிசையாகப் போனால் ஒன்பது வரிசைக்கு 90 ஓடு. பின்சுவரோரம் 4 அங்குலத் துண்டுகள் பத்து வேண்டும். ஓர் ஓட்டில் இரண்டு துண்டு என்று வைத்தாலும் 5 ஓடு போதும். மொத்தம் 95.

அதே அறையை நடுவிலிருந்து தொடங்கினால் இரு பக்கமும் ஒரே அளவு துண்டு வரும், பார்வைக்கு அழகு. ஆனால் எட்டு வரிசை முழு ஓடும், இரு கரையிலும் 8 அங்குலத் துண்டுகள் இருபதும் வேண்டும். 8 அங்குலம் வெட்டிய பின் மிஞ்சும் 4 அங்குலம் எதற்கும் உதவாது. ஆகவே 100 ஓடு. மூலைவாட்டமாகப் பதித்தால் சுவரோரமெல்லாம் முக்கோணத் துண்டுகள். நூற்றுக்கு 15 பங்கு கூடுதலாக வாங்கச் சொல்வார்கள். அப்போது 107 அளவில் வரும். முதல் இரண்டு கணக்குக்கும் உடைவுக்கென நாலைந்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூலைவாட்டத்துக்கு வெட்டுக்கூலியும் நாளும் கூட.

எனது எண்ணத்தில், படுக்கை அறைக்கும் குசினிக்கும் வாசலில் முழு ஓடு, துண்டெல்லாம் பின்சுவரோரம் என்பதே எங்களுக்கு ஏற்றது. அங்கே கட்டிலோ அலுமாரியோ நெல் மூடையோ நிற்கும். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் துண்டு இரண்டு அங்குலத்துக்கும் குறைந்தால் இந்த முறை வேண்டாம். ஒடுங்கிய துண்டு வெட்டும்போதே நொறுங்கும். எனது குசினி வாசலில் ஒன்றரை அங்குலத் துண்டு ஒன்று இருக்கிறது. வருபவர்கள் எல்லோரும் அதையே பார்ப்பதாக எனக்குத் தோன்றும். முன் ஹோலை நடுவிலிருந்து பதிக்க ஆசையென்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் செலவழிக்கலாம்.

மூலைவாட்டத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. அறை கோணலாக இருந்தால் நேர்வரிசை அதைக் காட்டிக்கொடுக்கும். சுவரோரத் துண்டு ஒரு முனையில் 4 அங்குலமாகவும் மறுமுனையில் 2 அங்குலமாகவும் ஒடுங்கிப் போகும். மூலைவாட்டத்தில் அது கண்ணுக்குப் படாது. உங்கள் அறை கோணலா என்று பார்ப்பது சுலபம். எதிர் மூலைகள் இரண்டுக்கும் குறுக்காக அளவுநாடா பிடியுங்கள். எதிர்ச்சுவர்கள் ஒரே நீளமாக இருந்து, குறுக்களவு இரண்டும் சமமென்றால் அறை சதுரம் பிடித்திருக்கிறது.

நீள ஓடு வாங்குபவர்கள் செங்கல் கட்டுவதுபோல் பாதிக்குப் பாதி தள்ளிப் பதிக்க விரும்புவார்கள். இரண்டடி நீள ஓடு சூளையிலேயே நடுவில் மெல்லிதாக வளைந்திருக்கும். பாதி தள்ளினால் ஒன்றின் மேடு மற்றதன் முனைக்குப் பக்கத்தில் வந்து கால் இடறும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளச் சொல்லுங்கள். மீன்முள் வடிவம் அழகுதான். வெட்டும் சேதமும் அதிகம்.

வரிசை எதுவானாலும் முதல் நூல் சரியாக இருக்க வேண்டும். உழவில் முதற் சால் கோணினால் மற்றச் சால்களும் கோணும் அல்லவா? வாசல் நடுவிலிருந்து பின்சுவருக்கு ஒரு நூல் பிடியுங்கள். அதற்குக் குறுக்கே இன்னொன்று. இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒன்றில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் குறியுங்கள். குறிகளுக்கிடையே சரியாக 5 அடி வந்தால் மூலைமட்டம் சரி. பெரிய ஹோலுக்கு 6, 8, 10 அடி என்று பாருங்கள். பிறகு சாந்து குழைக்காமலே ஒரு நெடு வரிசையும் ஒரு குறுக்கு வரிசையும் வெறுமனே அடுக்கிப் பாருங்கள். அரை மணி நேரம் போகும். துண்டு எங்கே விழுகிறது என்று வீட்டுக்காரி பார்த்துச் சொன்ன பின் மேசன் வேலையைத் தொடங்கட்டும்.

விறாந்தைக்கும் குளியலறைக்கும் வாட்டம் வேண்டும். அங்கே பெரிய ஓடு வாட்டத்துக்கு மடியாது. சிறிய, வழுக்காத ஓட்டை நேர்வரிசையாகப் பதியுங்கள். மணலில் உப்பு இருந்தால் எந்த வரிசையும் நிலைக்காது, நீக்கல்களில் வெள்ளையாகப் பூக்கும். கடற்கரை மணலைக் கிட்டவும் எடுக்காதீர்கள். முருங்கன் பக்கத்துக் களிமண் நிலத்தில் வீடு கட்டியவர்கள் சீமெந்துத் தரையில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒரு மாரியும் ஒரு கோடையும் பார்த்த பின் பதிப்பது நல்லது. அந்த மண் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும். கீழே தரை வெடித்தால் மேலே ஓடும் வெடிக்கும்.

பெட்டிகளை வாங்கும்போது எல்லாவற்றிலும் ஒரே தொகுதி இலக்கம் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இலக்கம் மாறினால் நிறமும் சற்று மாறும். வேலை முடிந்ததும் ஐந்து முழு ஓடுகளைப் பெட்டியின் அட்டையோடு பரணில் வைத்துவிடுங்கள்.