பயண மேசையில் முதல் ஆறு மாதம்

கையில் போன் இருக்கும் எவரும் இன்று விமான டிக்கெட் போட்டுவிடலாம். இருந்தும் ஆட்கள் டிராவல்ஸ் அலுவலகத்தின் படியேறி வருகிறார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்த வழியா போனா நல்லதுங்க?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு, சம்பளம் எல்லாம். டிராவல் ஏஜென்சியிலோ, பெரிய நிறுவனத்தின் டிராவல் டெஸ்க்கிலோ புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கும் சேர நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

கணினி வேலையை முதலில் சொல்லி முடித்துவிடலாம். அமேடியஸ், கலிலியோ, சேபர் என்று மூன்று முன்பதிவு அமைப்புகள் இருக்கின்றன. உங்கள் அலுவலகத்தில் எது இருக்கிறதோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று கைவந்தால் மற்றதற்கு மாறுவது கடினமில்லை. விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறிகள் மனப்பாடமாக வேண்டும். சென்னை எம்ஏஏ, திருச்சி டிஆர்இசட், கோவை சிஜேபி, மதுரை ஐஎக்ஸ்எம் என்று தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். ஒரே ஊருக்கு இரண்டு மூன்று விமான நிலையங்கள் இருக்கும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை. டோக்கியோவில் நரிதாவில் இறங்கி ஹனேடாவில் ஏற வேண்டுமென்றால் நகரத்தையே கடந்தாக வேண்டும். இஸ்தான்புல்லில் ஒரு விமான நிலையம் ஐரோப்பியக் கரையிலும் இன்னொன்று ஆசியக் கரையிலும் இருக்கிறது. திரையில் 'இஸ்தான்புல், 3 மணி நேரக் காத்திருப்பு' என்று மட்டும் பார்த்து டிக்கெட் போட்டால் பயணி மாட்டிக்கொள்வார்.

கேட்கத் தெரிய வேண்டும்

கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பதி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் டல்லஸில் இருக்கிறாள். "பொண்ணுக்குப் பிரசவம் தம்பி, மார்ச் கடைசியில டேட் குடுத்திருக்காங்க. விலை கம்மியா ஒரு டிக்கெட் பாருங்க" என்கிறார் அப்பா. புதிதாக வந்த பையன் உடனே தேதியைத் தட்டி, விலை குறைவான டிக்கெட்டை எடுத்துக் காட்டுவான். இரண்டு இடத்தில் மாறி, முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் பயணமாக அது இருக்கும்.

விரலைத் தட்டச்சுப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு முதலில் பேசுங்கள். அம்மாவுக்கு மூட்டு வலி உண்டா? சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறதா? இதற்கு முன் விமானம் ஏறியிருக்கிறார்களா? ஆங்கிலம் சமாளிப்பார்களா? அங்கே அழைத்துப்போக யார் வருவார்கள், எத்தனை மணிக்கு வர முடியும்? எப்போது திரும்ப நினைக்கிறார்கள்? பத்து நிமிடம் பேசினால் டிக்கெட்டின் உருவமே மாறிவிடும்.

அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில்தான் குடியேற்றச் சோதனை நடக்கும். ஃபிராங்க்ஃபர்ட், சிகாகோ என்று மாறி டல்லஸ் போகும் டிக்கெட்டென்றால், சிகாகோவில் வரிசையில் நின்று, பெட்டிகளைப் பொதுவாக அங்கேயே எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைத்து, உள்நாட்டு விமானத்துக்கு ஓட வேண்டும். ஊரை விட்டுப் போகாத அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு அது பெரும் சோதனை. தோஹா அல்லது துபாய் வழியாக ஒரே இடத்தில் மாறினால் டல்லஸிலேயே சோதனை, அங்கேயே பெட்டி, வாசலில் மருமகன். அபுதாபிக்கு இன்னொரு வசதி உண்டு. அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அந்த விமான நிலையத்திலேயே முடித்துவிடுவார்கள். நியூயார்க், சிகாகோ போகிறவர்கள் அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணிபோல இறங்கி நடக்கலாம். ஆனால் அதற்குத் தக்கபடி அபுதாபியில் நேரம் விட்டு டிக்கெட் போட வேண்டும்.

பத்து வழிகளைக் காட்டாதீர்கள், குழம்பிப் போவார்கள். மூன்று போதும். அதில் எது நல்லது, ஏன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். "பன்னிரண்டாயிரம் கூட ஆகுதுங்க ஐயா, ஆனா அம்மா ஒரே எடத்துல மாறினா போதும். சக்கர நாற்காலிக்கும் சொல்லிடறேன்" என்றால் பெரும்பாலானோர் கூடுதல் பணத்தைத் தயங்காமல் கொடுப்பார்கள்.

திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டைத்தான் பிரசவத்துக்குப் போகிறவர்களுக்குப் போட வேண்டும். குழந்தை நாம் குறித்த தேதியில் பிறப்பதில்லை. விசா பத்து வருடத்துக்கு இருக்கிறதே என்று அவர்கள் சொன்னால் அதையும் விளக்குங்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும் இடத்தில் உள்ள அதிகாரிதான் முடிவு செய்வார். பார்வையாளர் விசாவில் வருபவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் கொடுப்பார்கள். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். இறங்கியதும் மகளையோ மருமகனையோ இணையத்தில் அதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சாப்பாடு. சைவம் என்று சொல்லிவிட்டால் முன்பதிவில் ஏவிஎம்எல் என்ற குறியைப் போட வேண்டும். அது இந்திய முறைச் சைவ உணவு. எச்என்எம்எல் என்று ஒன்று இருக்கிறது, 'இந்து உணவு' என்று பொருள். பெயரைப் பார்த்து அதைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது அசைவம். மாட்டிறைச்சி இருக்காது, அவ்வளவுதான். முட்டைகூடத் தொடாத பாட்டியின் தட்டில் கோழிக்கறி வந்து நின்றால், பயணம் முழுக்க அவர் பட்டினிதான்.

தேதியும் பெயரும்

நம் ஊரிலிருந்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவு தாண்டிக் கிளம்புபவை. டிக்கெட்டில் '12ஆம் தேதி, 03:40' என்று இருக்கும். பயணி 12ஆம் தேதி பகலெல்லாம் பெட்டி கட்டிவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு வாடகைக் கார் எடுத்து வந்து நிற்பார். விமானம் அதற்கு முன்பே போயிருக்கும். எனவே டிக்கெட்டை அப்படியே அனுப்பாதீர்கள். கீழே தமிழில் ஒரு வரி சேருங்கள்: '11ஆம் தேதி திங்கட்கிழமை மதியம் கும்பகோணத்திலிருந்து கிளம்ப வேண்டும். அன்றிரவு 11:30 மணிக்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும்.' கிழமையையும் கட்டாயம் எழுதுங்கள். தேதியில் தவறுகிறவர்கள் கிழமையில் தவறுவதில்லை.

பெயர் விஷயம் இதைவிடப் பெரியது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ 'கிவன் நேம்', 'சர்நேம்' என்று இரண்டு கட்டங்கள். ஒருவர் 'முருகன்' என்பதை முதல் கட்டத்தில் போட்டு அப்பா பெயர் 'செல்வராஜ்' என்பதைச் சர்நேமாகக் கொடுத்திருப்பார். இன்னொருவர் இரண்டையும் முதல் கட்டத்திலேயே எழுதி, சர்நேமைக் காலியாக விட்டிருப்பார். மூன்றாமவருக்கு 'எஸ்' என்ற ஓரெழுத்தே சர்நேமாக இருக்கும். டிக்கெட் போடும் திரை சர்நேம் இல்லாமல் நகராது. கட்டம் காலியாக இருந்தால் எப்படி நிரப்புவது என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு முறை வைத்திருக்கிறது. சிலர் அதே பெயரைத் திரும்பப் போடச் சொல்வார்கள், சிலர் 'எஃப்என்யு' ('முதல் பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்வார்கள். யூகித்துப் போடாதீர்கள். அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பார்த்துப் போடுங்கள்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, பார்வையாளர் விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தது. பின்னர், தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் சரி என்று தளர்த்தியது. இடைப்பட்ட நாட்களில் அதிகம் அலைந்தது நம் மாதிரிப் பெயர் வைக்கும் ஊர்க்காரர்கள்தான். ஆகவே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தோடு கடைசிப் பக்கத்தையும் வாங்கிப் பாருங்கள். அவற்றைக் கண்ணால் பார்க்காமல் போனில் பெயர் கேட்டு டிக்கெட் போடும் பழக்கம் எவ்வளவு அவசரத்திலும் வேண்டாம். காலாவதித் தேதியையும் அப்போதே பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளுக்கு ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

ஒரு டிக்கெட்டா, இரண்டா?

விலை குறைவு என்பதற்காகத் தனித்தனி நிறுவனங்களில் இரண்டு டிக்கெட் போட்டு இணைப்பது ஒரு வழக்கம். ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், சேர்ந்த பயணமாக இருந்து, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், அடுத்ததில் ஏற்றி அனுப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டென்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வராதவர் கணக்கில் எழுதி, டிக்கெட்டை முடித்துவிடுவார்கள். பெட்டியையும் வெளியே போய் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். ஆறாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அறுபதாயிரம் இழக்கும் வழி இது. வாடிக்கையாளர் அப்படியும் வேண்டுமென்றால், ஆபத்தைச் சொல்லி, புரிந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதில் வாங்கிக்கொண்டு போடுங்கள்.

ஊர் சுற்றும் திட்டம்

ஏழு நாளில் ஐந்து ஐரோப்பிய நாடுகள் என்று கேட்டு வருவார்கள். கேட்டதைக் கொடுத்தால் வியாபாரம் முடிந்துவிடும், ஆனால் அவர்கள் பார்ப்பது பேருந்து ஜன்னலும் ஓட்டல் அறையும்தான். இரண்டு நாடு போதும் என்று எடுத்துச் சொல்வது உங்கள் கடமை. ஒரு ஊரில் குறைந்தது இரண்டு இரவாவது தங்க வையுங்கள். இறங்கிய நாளில் பெரிதாக எதையும் வைக்காதீர்கள்.

விடுமுறை நாட்களைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். பாரிஸில் லூவர் செவ்வாய்க்கிழமை கிடையாது, வெர்சாய் அரண்மனை திங்கட்கிழமை கிடையாது. ஆக்ராவில் தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். வாழ்நாளில் ஒரு தடவை போகிறவரை மூடிய கதவின் முன் நிறுத்திவிடாதீர்கள்.

ஷெங்கன் விசா 29 நாடுகளுக்குச் செல்லும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமென்றால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். கோடையில் விண்ணப்பம் கொடுக்கத் தேதி கிடைப்பதே பாடு. சீக்கிரம் போனவர் தப்பிப்பார்.

இங்கே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். விசாவுக்காகப் பொய் டிக்கெட், பொய் ஓட்டல் பதிவு தயாரித்துத் தரச் சொல்லி வற்புறுத்துவார்கள். செய்யாதீர்கள், முதலாளியே சொன்னாலும் செய்யாதீர்கள். பிடிபட்டால் பயணியின் பாஸ்போர்ட்டில் விழும் கறை பல வருடம் போகாது. 'விசா நிச்சயம் வாங்கித் தருகிறேன்' என்ற வாக்கும் வேண்டாம். அது தூதரகத்தின் கையில் இருப்பது.

காசி, பத்ரிநாத் போகிறவர்களும் உங்களிடம்தான் வருவார்கள். ரயிலில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னால் திறந்தது. 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகிவிட்டது. பழைய கணக்கில் இருக்கும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வையுங்கள். பத்ரிநாத் உள்ளிட்ட சார்தாம் யாத்திரைக்கு உத்தராகண்ட் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், தீபாவளியை ஒட்டியோ அதற்குச் சில வாரங்கள் கழித்தோ கோவில்கள் நடை சாத்திவிடும்.

மேசையின் ஒழுங்கு

விமான நிறுவனங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்புகள் முன்பதிவு அமைப்பில் 'க்யூ'வில் வந்து விழும். காலையில் முதல் வேலையாக அதைத் திறந்து பாருங்கள். மாற்றம் இருந்தால் அன்றே பயணிக்குப் போன் செய்யுங்கள். தெரியாததைக் கேட்டால் "விசாரிச்சு நாலு மணிக்குச் சொல்றேங்க" என்று சொல்லி, நான்கு மணிக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். போனில் வந்து கிடக்கும் பாஸ்போர்ட் படங்களை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். அவை மற்றவர் கையில் சிக்கக் கூடாதவை. உங்கள் ஆலோசனைக்கான சேவைக் கட்டணத்தை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள்.

படிப்பென்று பார்த்தால், எந்தப் பட்டமும் போதும் என்று சேர்த்துக்கொள்ளும் அலுவலகங்கள் நிறைய உண்டு. முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஐஐடிடிஎம் நிறுவனத்தின் வளாகம் நெல்லூரில் இருக்கிறது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் அடிப்படை டிப்ளமோவுக்கு டிக்கெட்டிங் வேலையில் மதிப்புண்டு. பெரிய பணம் கேட்டு, வேலையும் உறுதி என்று சொல்லும் பயிற்சி மையத்தில் சேருமுன், அங்கே படித்து இப்போது வேலையில் இருக்கும் இருவரிடமாவது நேரில் பேசுங்கள்.

கோடை விடுமுறைக்கான விசாரிப்பு பொங்கல் முடிந்ததும் தொடங்கிவிடும். அலுவலகங்களுக்கு ஆள் தேவைப்படுவதும் அப்போதுதான். மார்கழிக்குள் குறிகளையும் டிக்கெட் விதிகளையும் படித்து முடித்து, தை மாதம் போய்க் கேளுங்கள்.