செவ்வாய்ப்பேட்டையில் ஒரு காலைப்பொழுது

மலைக்கு மேலே மளிகைக் கடை வைத்திருக்கும் இளைஞர்கள் இருவர் மார்கழி மாதத்தில் நம்மிடம் வந்தார்கள். "ஐயா, பொங்கல் வெல்லத்துக்குச் செல்போனில் படம் அனுப்புகிறார்கள். நிறத்தைப் பார்த்து ஆர்டர் சொன்னால் சரக்கு கடை வாசலுக்கே வந்து விடுகிறது. இதற்காக ஒரு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு சேலத்துக்கு ஏன் போக வேண்டும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வாயால் பதில் சொல்வதைவிட நேரில் காட்டுவது மேல் என்று எண்ணி, அடுத்த செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இருவரையும் அழைத்துக்கொண்டு அடிவாரத்தில் பஸ் ஏறினோம். அன்று பார்த்ததையும் பேசியதையும் சங்க உறுப்பினர்களின் உபயோகத்துக்காக எழுதுகிறோம்.

அடிவாரம் என்பது மலைக்கும் சேலத்துக்கும் நடுவில் உள்ள வாசற்படி. மேலிருந்து காப்பியும் மிளகும் இறங்குகின்றன. கீழிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம் ஏறுகின்றன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டில் காப்பிப் பயிரைக் கொண்டு வந்தார். தோட்டங்கள் பெருகியபோது தோட்டத் தொழிலாளிக்கு வேண்டிய மளிகையும் கூடவே மலை ஏறியது. சமவெளிக் கடைக்காரர் சரக்கு சரியில்லை என்றால் மறுநாளே திருப்பி அனுப்பிவிடலாம். 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிய சிப்பத்தைத் திரும்ப இறக்குவதென்றால் வண்டிக் கூலியிலேயே லாபம் போய்விடும். ஆகவே மலை வியாபாரி வாங்கும் இடத்திலேயே பார்த்து வாங்கியாக வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை பெயரிலேயே சந்தையை வைத்திருக்கிற ஊர். பேட்டை என்றால் வியாபாரம் கூடுகிற இடம். செவ்வாய்க்கிழமை கூடியதால் செவ்வாய்ப்பேட்டை. இன்று கிழமைக் கணக்கு ஒன்றும் இல்லை, வாரம் முழுவதும் வியாபாரம்தான். அங்குள்ள ரயில் நிலையத்துக்கு 'சேலம் மார்க்கெட்' என்றே பெயர். பக்கத்திலேயே லீ பஜார். நமது தகப்பனார் அங்கே வீசைக் கணக்கிலும் மணங்குக் கணக்கிலும் சரக்குப் பிடித்தவர். கிலோ வந்த பிறகும் மனத்துக்குள் வீசையாக மாற்றிப் பார்த்துத்தான் விலை பேசுவார்.

கிழமையால் நிற்கிற சந்தை நம் நாட்டில் மட்டும் இல்லை. தென்மேற்குப் பிரான்சில் மோன்பாசியே என்று ஒரு சிற்றூர். 1284இல் சதுக்கமும் சந்தையுமாகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர். இன்றும் அங்கே வியாழக்கிழமை சந்தை. சதுக்கத்திலுள்ள மரக்கூரைக் கொட்டகையில் பழைய காலத்துத் தானிய அளவைகளை இன்னும் வைத்திருக்கிறார்கள். வாங்குபவர் கண் முன்னால் அளப்பது அங்கேயும் வழக்கம் என்று இதைச் சொன்னதும் இளைஞர்களில் ஒருவர், "நம் ஊர்த் தராசையே நாம் பார்ப்பதில்லை, ஐயா" என்று சிரித்தார்.

வெல்ல மண்டிக்குள் நுழைந்தோம். ஓமலூர்ப் பக்கத்து ஆலைகளில் காய்ச்சிய சரக்கு 30 கிலோ சிப்பங்களாக அடுக்கியிருந்தது. பொங்கல் நெருங்கிவிட்டதால் கால் வைக்க இடமில்லை. ஏலம் நடக்கும்போது பழைய வியாபாரிகளின் கையைப் பார்க்கும்படி இளைஞர்களிடம் சொன்னோம். ஓர் உருண்டையை எடுப்பார், உடைப்பார், உடைந்த முகத்தை விரலால் அழுத்துவார், ஒரு துணுக்கை நாக்கில் வைப்பார். விரலில் பிசுபிசுத்து ஒட்டினால் ஈரம் அதிகம். நமக்கு இது முக்கியம். ஏற்காட்டுப் பனியில் வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். சமவெளியில் இரண்டு மாதம் தாங்குகிற சரக்கு மலையில் அவ்வளவு நாள் தாங்காது. மேலே கொண்டு போவதற்குக் கெட்டியான, காய்ந்த சரக்குத்தான் வேண்டும். நாக்கில் உப்புக் கரித்தால் என்ன போட்டுக் காய்ச்சினார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு துண்டை வெந்நீரில் கரைத்து வைத்தால் மண்ணும் தூசும் அடியில் தங்கித் தெரிந்துவிடும்.

இவ்வளவிலும் நிறம் கடைசிதான். ஆனால் செல்போன் படத்தில் தெரிவது அது ஒன்றே. வெல்லத்தில் பொய் சொல்வதும் அதுவே. பழுப்பாக இருக்க வேண்டிய வெல்லத்தை வெளுக்க வைக்க 'ஹைட்ரோஸ்' என்கிற ரசாயனத்தைப் பாகில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பளிச்சென்ற மஞ்சள் வரும். ஆனால் அந்த நிறம் நிற்காது, இருப்பில் கிடக்கக் கிடக்கக் கறுக்கும்.

இது நாம் பணம் கொடுத்துக் கற்றது. 2013ஆம் ஆண்டு உடம்பு சரியில்லாமல் வீட்டில் கிடந்தபோது போனிலேயே 40 சிப்பம் சொல்லி அனுப்பினோம். அனுப்பியவர் பெயர் இங்கே வேண்டாம். பொன் போல வந்த சரக்கு மாசி மாதத்துக்குள் கறுத்துவிட்டது. அதற்குள் நமது கையால் மலைக்கடைகள் பலவற்றுக்கும் போயிருந்தது. மாதிரி எடுத்துச் சோதித்ததில் தரம் குறைவு என்று முடிவு வந்தது. யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டபோது காட்டுவதற்கு நம்மிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அனுப்பியவரோ நம்மைத் தெரியாதவர்போலப் பேசினார். அபராதத்தைக் கட்டினோம். அதைவிட, சிறிய கடைக்காரர் ஒருவர் சிப்பத்தைத் திருப்பிக் கொண்டு வந்து நம் வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாரே, அது இன்னும் மறக்கவில்லை.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறைக்கு வந்தது. தரம் குறைந்த உணவுப் பொருளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. உடலுக்குத் தீங்கானது என்றால் சிறைத் தண்டனையும் உண்டு. சரக்கை யாரிடமிருந்து வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளரும் பொறுப்பாளி என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சில்லறைக் கடைக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. சரக்கைச் செய்தவர்தானே குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இளைஞர்கள் அன்று ஆளுக்கு ஐந்து சிப்பம் எடுத்தார்கள், கரும்பழுப்புச் சரக்கு. மஞ்சளைவிட மெதுவாகத்தான் விற்கும், வாடிக்கையாளரிடம் இரண்டு வார்த்தை சொல்லி விற்க வேண்டும் என்று முன்கூட்டியே எச்சரித்தோம். பணம் கொடுக்கும்போது ஒருவர் தயங்கித் தயங்கி, "பில் வேணுங்க" என்றார். மண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி புதுசா?" என்று கேட்டுக்கொண்டே பில் புத்தகத்தைத் தேடி எடுத்து, எடையும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்து, வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேரும் தங்களுக்கும் பில் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள்.