பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா?

கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், அப்பாவின் பங்கைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு முதல் தேர்தலுக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். 2018-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2023-இல் முடிந்தது. சங்கங்கள் தனி அலுவலர்கள் பொறுப்புக்குப் போயின. தேர்தல் அறிவிப்பு வந்தபின் அலைவதைவிட, கையில் நாள் இருக்கும்போதே செய்துவைக்க வேண்டிய காரியங்கள் பல இருக்கின்றன.

1. உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது என்று முதலில் பாருங்கள். மனையும் கடனும் கொடுத்த வீட்டுவசதிச் சங்கம் 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் வரும். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1988 ஏப்ரலில். அதே தெருவில் தண்ணீருக்கும் விளக்குக்கும் அமைத்த குடியிருப்போர் நலச்சங்கம் 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருக்கும். அடுக்குமாடி உரிமையாளர்களுக்கு 2022-இல் தனிச் சட்டம் வந்தது. அது 2024 மார்ச்சிலிருந்து அமலில் இருக்கிறது. முதல் வகைச் சங்கத்துக்குப் புகார் கேட்பவர் கூட்டுறவுத் துணைப்பதிவாளர் (வீட்டுவசதி). நலச்சங்கத்துக்கு மாவட்டப் பதிவாளர். இது தெரியாமல் ஒரு அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மனுவை இன்னொன்றில் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

நலச்சங்கத்தில் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. குழு மாறினால் படிவம் 7 தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு அணிகள் ஆளுக்கொரு படிவம் கொண்டுபோனால், வென்றது யார் என்று தீர்ப்புச் சொல்வது மாவட்டப் பதிவாளரின் வேலையாகாது. அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான் போக வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் நிலைமை நேர்மாறு. சட்டத்தின் 156-ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்றத்தின் கதவை அடைத்துவைத்திருக்கிறது.

2. தேர்தலின் பெரும்பகுதி உறுப்பினர் பதிவேட்டிலேயே முடிந்துவிடுகிறது. இந்த ஒன்றை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும், மற்றதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

பழைய சங்கங்களின் பதிவேட்டைப் பிரித்துப் பாருங்கள். நீல மையில் எழுதிய பெயர், பங்கு ரசீது எண், பக்கத்தில் பென்சிலில் யாரோ போட்ட 'காலம்' என்ற குறிப்பு. ஆள் இறந்து பல வருடம் ஆகியிருக்கும். பெயரை நீக்கவும் இல்லை, வாரிசைச் சேர்க்கவும் இல்லை. அந்த வீட்டுக்கார அம்மா மாதம் தவறாமல் தவணை கட்டி, ரசீதுகளை நூலில் கோத்து வைத்திருப்பார். வாக்குச்சீட்டு கேட்டு வரிசையில் நின்றால், "உங்க பேர்ல பங்கு இல்லம்மா" என்ற பதில்தான் கிடைக்கும். கட்டியது அவர் பணம், குடியிருப்பது அவர் வீடு, ஆனாலும் அவர் உறுப்பினர் இல்லை. கணவர் இறந்ததும் மனைவி தானாக உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுடன் மனுக்கொடுத்து, பங்கை மாற்றி, சேர்த்துக்கொண்டதற்கான தீர்மானம் வரை கேட்டு வாங்க வேண்டும். இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேரும் அநியாயம் அல்ல. நீக்காமல் விட்ட ஒவ்வொரு பெயரும் கள்ள வாக்குக்குத் திறந்துவிட்ட வழி. உங்கள் தெருவில் இப்படி எத்தனை வீடு என்று கேட்டு, அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் மனுக்கொடுங்கள்.

3. ஆளுக்கு ஒரு வாக்குத்தான். இரண்டு மனை வைத்திருப்பவருக்கும் ஒன்றே. நேரில் வந்துதான் போட வேண்டும். இணை உறுப்பினருக்கு வாக்கு கிடையாது.

4. நிற்க நினைப்பவர் முதலில் தன் கடன் கணக்கைப் பார்க்கட்டும். தவணை தவறியவர் இயக்குநராக முடியாது. கட்டிய ரசீது மட்டும் போதாது, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்மொழிபவர், வழிமொழிபவர் பெயர்களும் பதிவேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். வேட்புமனுவைக் கொடுத்தால் நேரம் குறித்த ஒப்புகை வாங்காமல் படியிறங்காதீர்கள். மனுவே வாங்கவில்லை, போட்டியின்றித் தேர்வு என்று பலகையில் ஒட்டிவிட்டார்கள் என்பதுதான் 2018-இல் ஊர் ஊராக எழுந்த புகார். 18,000-க்கும் மேற்பட்ட சங்கங்களுக்குப் பல கட்டங்களாக நடந்த அந்தத் தேர்தலுக்கு, ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அந்த ஏப்ரலில் இடைக்காலத் தடை போட்டது. வழக்கில் நின்றவர்களுக்குத் துணையாக இருந்தவை கையில் இருந்த காகிதங்கள்தான்.

5. பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் ஒதுக்கிய இடங்களில் உண்மையாகவே சங்கத்தை நடத்தக்கூடியவரை நிறுத்துங்கள். மனைவி பெயரில் இடத்தைப் பிடித்து, கணவர் கூட்டத்தில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கிப் போவது கேவலம்.

6. கூட்டுறவுச் சங்கத்தில் தகராறு வந்தால் அதே சட்டத்தின் 90-ஆம் பிரிவு. தேர்தல் சம்பந்தப்பட்ட பிணக்கை முடிவு அறிவித்த பிறகுதான் அதன்கீழ் பதிவாளர் முன் கொண்டுபோக முடியும். அதற்காக அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பட்டியலில் பிழை இருந்தால் அன்றே ஆட்சேபணை எழுதித் தேர்தல் அலுவலரிடம் கொடுங்கள். பிரதியைப் பதிவுத் தபாலில் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களின் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்புங்கள். முடிவு வந்ததும் நாளைக் கடத்தாமல் மனுவைப் போடுங்கள். "முறைகேடு நடந்தது" என்று பொதுவாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இத்தனாம் உறுப்பினர் எண், இன்ன தேதியில் இறந்தவர், அவர் பெயரில் வாக்குப் பதிவாகியிருக்கிறது, சான்று இணைப்பு என்று எழுதுங்கள்.

7. பணக் கையாடலையும் தேர்தல் புகாரையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்பாதீர்கள். கணக்கில் சந்தேகம் என்றால் 81-ஆம் பிரிவு விசாரணை. இழப்பு நிரூபணமானால் 87-இன்படி பொறுப்பானவர்மீது தண்டத்தீர்வை. சங்கம் கணக்கைக் காட்ட மறுத்தாலும் வழி இருக்கிறது. கூட்டுறவுச் சங்கம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நேரடியாக வராது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் கேரளத்துத் தலப்பாலம் வழக்கில் சொன்னது. ஆனால் பதிவாளர் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், சங்கத்திடமிருந்து அவர் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. தணிக்கை அறிக்கையை அப்படிக் கேட்டு வாங்குங்கள்.

8. சாதிக் கணக்குப் போட்டு ஓட்டுக் கேட்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பல சாதிக்காரர்கள் அடுத்தடுத்த மனையில் வீடு கட்டிக் குடியேறியது கூட்டுறவால் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. ஒரு இயக்குநர் பதவிக்காக அதைக் கெடுத்துவிட்டால் திரும்பக் கட்டுவது மிகக் கடினம். தோற்ற அணியைக் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டுகிற குழுவுக்கு வழக்குகள் குறைவாகவே வரும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

9. "தனி அலுவலர் இருக்கிறாரே, தேர்தல் எதற்கு?" என்று கேட்பவர்களிடம் சொல்லுங்கள்: உங்கள் மூலப்பத்திரம் சங்கத்தின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. கடன் முடிந்தும் பத்திரம் கைக்கு வராதவர்கள் எத்தனையோ பேர். அலுவலர் நல்லவராக இருக்கலாம், ஆனால் பல சங்கங்களைச் சேர்த்துப் பார்ப்பவர் அவர், மாற்றல் வந்தால் போய்விடுவார். சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் வேண்டும். அவரை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரும் வாரத்தில் ஒரு நாள் காலை, பங்கு ரசீதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போங்கள். பதிவேட்டில் உங்கள் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெயர், தந்தை பெயர், முகவரி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே உட்கார்ந்து மனு எழுதி, ஒப்புகை வாங்கிக்கொண்டு வாருங்கள்.