ரோலர் கதவு போடுவதற்கு முன்னால்



இந்த முறை நம் பாடம் கதவைப் பற்றியது. டவுன் கடைகளில் காலையில் சர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு மேலே சுருண்டு போகிறதே, அந்த ரோலர் கதவு. ஷட்டர் என்றும் சொல்வார்கள். ஒரு காலத்தில் இது டவுன் முதலாளிமாருக்கு உரிய சாமான். இன்றைக்கு நம் பிள்ளைகள் ரோட்டோரமாக ஒரு சில்லறைக் கடை கட்டினாலும், சலூன் போட்டாலும், ஆட்டோ நிறுத்த ஒரு கொட்டகை எழுப்பினாலும் முதலில் கேட்பது ரோலரைத்தான். அதற்குப் போகிற காசு எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். அப்பாவின் ஈ.பி.எஃப். காசு, மகள் வெளிநாட்டில் பாடுபட்டு அனுப்பியது, அம்மா சீட்டுக் கட்டி எடுத்தது. அப்படிப்பட்ட காசு, கலரைப் பார்த்து வாங்கிய கதவில் போய்விடக் கூடாது.

முதலில் எங்கள் தவறையே சொல்லிவிடுகிறோம். ஒரு டிவிசனில் பிள்ளைக் காம்பராவில் இரண்டு தடவை களவு போனது. பால்மா, பெரிய அண்டா, புதிதாக வாங்கிய பாய்கள் எல்லாம் போய்விட்டன. பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் ஒரே குரலாக, "ரோலர் போட்டிருவோம் ஐயா, பிறகு எவன் வாறான்னு பார்ப்போம்" என்றார்கள். நாங்களும் சரி என்று தலையாட்டினோம். கூட்டம் கலைகிற நேரத்தில் ஆயாம்மா மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "ஐயா, காத்துக் குளிருன்னு பாதி இறக்கி வச்சிருக்கிற நேரத்துல அது சிக்கிக்கிட்டா, அடுப்புப் பக்கம் தீப் பிடிச்சா, இருவது புள்ளைங்கள நான் எந்தப் பக்கமா தூக்கிட்டு ஓடுறது?"

எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கட்டடத்துக்கு இருந்தது ஒரே ஒரு வாசல். அந்த ஒரு வாசலில்தான் ரோலரை மாட்டப் போனோம். களவு எடுக்க வருகிறவனை மட்டும் நினைத்தோம், பகல் முழுவதும் உள்ளே இருக்கிறவர்களை நினைக்கவில்லை. கடைசியில் அங்கே ரோலர் போடவில்லை. வாசலுக்கு வெளிப்பக்கம் திறக்கிற பலகைக் கதவும், ஜன்னல்களுக்குக் கம்பியும், சாமான் வைக்கப் பூட்டுள்ள அலுமாரியும் போட்டோம். பின்பக்கமும் ஒரு வாசல் திறந்தோம். ரோலருக்கு ஆகும் செலவுக்கு உள்ளேயே எல்லாம் முடிந்தது.

ஆகவே கதவுக் கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கட்டடத்துக்குள் யார் இருப்பார்கள் என்பதுதான். சரக்கு மட்டும் இருக்கிற ஸ்டோர் என்றால் ரோலர் நல்லது. ஆட்கள் இருக்கிற இடம் என்றால் ரோலரோடு இன்னொரு வாசலும் கட்டாயம் வேண்டும். நம்மவர்களில் பலர் கடையிலேயே படுத்துக்கொள்கிறார்கள். சாமான் போய்விடும் என்ற பயம்தான். ரோலரை உள்ளே இருந்து இழுத்துப் பூட்டிவிட்டுப் படுக்கிறார்கள். சிலர் தனியே படுக்கிற பையனை உள்ளே வைத்து வெளியில் ஆமைப்பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். இது எவ்வளவு பெரிய ஆபத்து! சாமி விளக்கு, மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய், ஒயர் கோளாறு, இதில் ஏதோ ஒன்று போதும். லயத்தில் தீப் பிடித்தால் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள். இருட்டில், புகையில், குனிந்து பூட்டைத் தேடி, பாரமான ரோலரைத் தூக்கி வெளியே வர நேரம் இருக்காது. பின்பக்கக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே இருந்து சாவி இல்லாமல், தாழ்ப்பாளை நீக்கியதும் திறக்க வேண்டும். அதன் முன்னால் சோடாப் பெட்டி அடுக்கக் கூடாது.

கேஸ் சிலிண்டர் வைக்கிற தேநீர்க் கடைக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். ரோலர் தரையோடு அழுந்தி மூடிக்கொள்வதால் அது வெளியே போக வழி இருக்காது. அதனால் சுவரின் அடிப்பக்கத்தில் காற்றுத் துவாரம் விட்டுக் கட்டுங்கள். துளை போட்ட தகட்டில் செய்த ரோலரும் கிடைக்கிறது.

அடுத்தது சுவர். லயக் காம்பராவின் இஸ்தோப்புப் பக்கத்தை உடைத்து ரோலர் மாட்டி, அதையே கடையாக்கும் யோசனை பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பழைய லயங்களின் சுவர் பல இடங்களில் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. கூரையின் பாரம் முழுக்க அந்தச் சுவரில்தான் நிற்கிறது. அதிலும் கூரை உங்கள் காம்பராவுக்கு மட்டும் உரியது அல்ல, கோடிக் காம்பரா வரைக்கும் ஒன்றாக ஓடுகிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு லயத்தில் ஒருவர் எட்டடிக்கு முன்சுவரை உடைத்தார். அந்த மாரியிலேயே கூரை தொங்கிவிட்டது, பக்கத்துக் காம்பராச் சுவர் விரிந்துவிட்டது. இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்று போனதுதான் மிச்சம். லயத்தில் எதை உடைப்பதற்கும் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

புதுக் கட்டடம் என்றாலும், உள்ளே வெறுமையாக இருக்கும் சீமெந்துக் கல்லில் ரோலரின் போல்ட் நிற்காது. திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் கல் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். வாசலின் இரண்டு பக்கமும் கொங்கிரீட் தூண், மேலே கொங்கிரீட் லிண்டல் வேண்டும். லிண்டலுக்கு மேல் கதவு சுருண்டு நிற்க ஒரு அடியாவது, உயரமான வாசலுக்கு ஒன்றரை அடியாவது வெறும் சுவர் வேண்டும். மேசன் பாஸிடம் இதை அத்திவாரம் போடும்போதே சொல்லிவிட வேண்டும். கூரை போட்ட பிறகு சொன்னால் அவர் என்ன செய்வார்?

அளவு எடுப்பது பூச்சு வேலை முடிந்த பிறகுதான். அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உயரத்தையும் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக வருவது அபூர்வம். ரோலரைச் சுவரின் முகத்தில் மாட்டுவதானால் கூடிய அளவு, இரண்டு தூணுக்கும் நடுவே மாட்டுவதானால் குறைந்த அளவு. தரை மட்டமா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தரை ஒரு பக்கம் சரிந்திருந்தால் கதவின் அடியில் சந்து விழும். நம் மலையில் சாரல் பக்கவாட்டில்தான் அடிக்கும். அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் வந்து கீழே வைத்த மா மூடையை நனைத்துவிடும். வெளித்தரை உள்தரையை விட அரை அங்குலமாவது தாழ்ந்து, வெளிப்பக்கம் சரிந்து இருக்கட்டும்.

பில் விஷயத்தில் ஒரு சண்டையைத் தீர்த்து வைக்கப் போன அனுபவமும் எங்களுக்கு உண்டு. ஒரு தாத்தா 8 அடி அகலம், 9 அடி உயரம் வாசல், 72 சதுர அடி என்று கணக்குப் பார்த்துக் காசை எண்ணி வைத்திருந்தார். கடைக்காரர் 85 சதுர அடிக்கு பில் போட்டார். தாத்தாவுக்கு ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம். உண்மையில் அங்கே ஏமாற்று இல்லை. கதவு சுவரின் மேல் இரண்டு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் ஏறி நிற்க வேண்டும், அப்போது அகலம் எட்டரை அடி. மேலே சுருளில் எப்போதும் ஒரு அடி நிற்கும், அப்போது உயரம் 10 அடி. பெருக்கினால் 85. ஆனால் இதை முன்பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்கலாமே! ஒரு ஏழை கிழவனுக்கு 13 சதுர அடிக் காசு சின்னக் காசா? ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் எத்தனை சதுர அடிக்குக் கணக்கு, தகடு எத்தனை மில்லிமீட்டர், மேல் மூடியும் பூட்டும் சேர்த்தா, லொறிக் கூலியும் மாட்டுகிற கூலியும் சேர்த்தா, ஸ்பிரிங்குக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று எல்லாவற்றையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வாய்ப் பேச்சு லொறி புறப்பட்டதும் மறந்து போகும்.

தகட்டுக்கு வருவோம். பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கை அகலத்துக்கும் குறைவான இரும்புப் பட்டிகளை ஒன்றோடு ஒன்று கோர்த்துச் செய்வது. பாரம் கூட, பலமும் கூட. ஒரு பட்டி நெளிந்தால் அதை மட்டும் மாற்றலாம். மற்றது, அலுமினியமும் நாகமும் கலந்த பூச்சுக் கொடுத்த மெல்லிய தகடு, கலர் பூசி வருவது. பாரம் குறைவு, சத்தம் குறைவு, துரு லேசில் பிடிக்காது. பனியும் மூட்டமும் உள்ள நம் பக்கத்துக்கு ஆட்டோக் கொட்டகை, சிறு கடை என்றால் இரண்டாவதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், விலை கூடிய சரக்கு வைக்கிற கடைக்குக் கோர்த்த பட்டிதான் சரி. அதிலும் நாகப் பூச்சுக் கொடுத்த பட்டியாகக் கேளுங்கள். வெறும் இரும்புக்குப் பெயின்ட் அடித்தது, தரையில் படுகிற அடிச் சட்டத்தில் இருந்து அரிக்கத் தொடங்கும்.

கேஜ் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். நம்பர் கூடினால் தகடு தடிப்பு என்று நினைக்கிறோம். அது தலைகீழ். 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் சுமார் 0.9, 22 கேஜ் 0.7 தான். கேஜ் எத்தனை என்று கேட்காமல் மில்லிமீட்டர் எத்தனை என்று கேளுங்கள்.

தடித்த தகடு நல்லது என்று உடனே அதற்குப் பாயவும் வேண்டாம். மேலே சொன்ன 85 சதுர அடிக்கு 0.9 மில்லிமீட்டர் இரும்பு, வெறும் தகடாகவே 55 கிலோவைத் தாண்டும். மடிப்புகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஒரு மூடை யூரியாவை விடப் பாரமான சாமானை நம் தலைக்கு மேல் தொங்கவிடுகிறோம். அதைத் தாங்குவது உருளைக்குள் முறுக்கி வைத்த ஸ்பிரிங். ஸ்பிரிங் சரியாக இருந்தால் சின்னப் பிள்ளையின் கைக்கும் கதவு ஏறும். தளர்ந்தால் கத்தியைப் போல இறங்கும். மாட்டி முடித்தவுடன், கூலி கொடுக்கும் முன், ஒரு சோதனை செய்யுங்கள். கதவை இடுப்பளவுக்கு ஏற்றி, அடியில் ஆள் இல்லாமல், மெதுவாகக் கையை எடுங்கள். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தானாக இறங்கினால் ஸ்பிரிங் போதாது, தானாக ஏறினால் முறுக்குக் கூட. அப்போதே திருத்தச் சொல்லுங்கள். கடையைத் தினமும் திறக்கப் போவது யார்? அம்மாவா, மருமகளா? அவர்களைக் கூப்பிட்டு ஏற்றி இறக்கச் சொல்லிப் பார்த்த பிறகே சரி என்று சொல்லுங்கள். உயரம் எட்டாவிட்டால் கொக்கி வைத்த கம்பி ஒன்று கேட்டு வாங்கலாம்.

பிள்ளைகள் ஏறுகிற கதவின் அடிச் சட்டத்தில் தொங்கி விளையாடுவதைப் பார்த்திருக்கிறோம். அதை ஒரு நாளும் விடக் கூடாது. விரல் சுருளுக்குள் போகும், அல்லது ஸ்பிரிங் அறுந்து பிள்ளை மேலேயே விழும். அதேபோல, கதவு இறுகிவிட்டது என்று மேலே ஏறி உருளையின் போல்ட்டைக் கழற்றவும் வேண்டாம். முறுக்கிய ஸ்பிரிங் ஒரே சுற்றில் கையை உடைத்துவிடும். மாட்டியவரைத்தான் கூப்பிட வேண்டும்.

மோட்டார் வைத்ததை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதே, ஞாபகம் இருக்கும். மோட்டார்தான் வேண்டும் என்றால் கையால் ஏற்றுகிற சங்கிலியோ கைப்பிடியோ உள்ளதைக் கேளுங்கள். அதை உள்ளே இருந்து இயக்க முடிய வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் ஒரு தடவை செய்து காட்டி வையுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் சிலர் கிரீஸை அப்புகிறார்கள். அதில் ரோட்டுத் தூசி ஒட்டிக் களியாகிக் கதவு சிக்கும். மாதம் ஒரு முறை பழைய தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்து, மெழுகுவர்த்தித் துண்டை மேலும் கீழும் தேய்த்தால் போதும். சீமெந்து வேலை நடக்கும்போது கலவை தெறித்தால் காயும் முன் தண்ணீரால் கழுவிவிடுங்கள், பூச்சை அது தின்றுவிடும். உர மூடையைக் கதவோடு சாய்த்து வைத்தாலும் கதை அதுதான், ஒரு முழம் தள்ளி, பலகை மேல் வையுங்கள்.

கதவு போட யோசிக்கிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் அளவுகளையும் கடைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டையும் எடுத்துக்கொண்டு சம்பள நாள் பின்னேரத்தில் எங்கள் ஒப்பீசுக்கு வாருங்கள். சேர்ந்து கணக்குப் பார்ப்போம். பின்பக்கக் கதவை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதையும் அந்தக் கடுதாசியிலேயே வரைந்து கொண்டு வாருங்கள்.